கழனிக்கு இரண்டு பிரேக், ரோட்டுக்கு ஒன்று

பெங்களூரில் வசிக்கும் தமிழர்களுக்கு டிராக்டர் புதிய வண்டி அல்ல. ஒயிட்பீல்டு, மாரத்தஹள்ளி, கே.ஆர்.புரம், பொம்மனஹள்ளி வட்டாரங்களில் விடிவதற்கு முன்பே தெருவில் கேட்பது தண்ணீர் டேங்கர் இழுத்து வரும் டிராக்டரின் சத்தம்தான். கட்டட வேலை நடக்கும் இடத்துக்கு ஜல்லியும் செங்கல்லும் கொண்டு வருவதும் அதுதான். தொட்டபள்ளாபூர், தேவனஹள்ளி பக்கம் திராட்சைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகிறவர்கள், பந்தலுக்கு அடியில் நுழைந்து ஓடும் சின்ன டிராக்டரைத் தினமும் பார்க்கிறார்கள். முப்பது வருடம் ஆபீசில் கணக்கு எழுதி ஓய்வு பெற்ற குமாஸ்தாக்கள் சிலர், கைக்கு வந்த பணத்தில் மாலூரிலோ சொந்த ஊரிலோ இரண்டு ஏக்கர் நிலமும் ஒரு சின்ன டிராக்டரும் வாங்கிப் போட்டிருக்கிறார்கள்.

இப்படிப் பழகிப்போன வண்டியில் உள்ளங்கை அளவுகூட இல்லாத ஓர் இரும்புத் துண்டு இருக்கிறது. பிரேக் மிதிகள் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பூட்டும் துண்டு அது. மெக்கானிக்குகள் அதை 'லாக்' என்பார்கள். கதவுக்குப் போடும் கொண்டியைப் போன்றதுதான். ஆகவே நாமும் கொண்டி என்றே சொல்லுவோம். ரோட்டில் ஓடும் டிராக்டர்களில் இந்தக் கொண்டி பூட்டியிருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. பார்க்கக் கடமைப்பட்டவர்களும் பார்ப்பதில்லை. வண்டி கவிழ்ந்த பிறகு, 'வேகமாக வந்தான், தடுமாறினான்' என்று டிரைவர் தலையில் பழியைப் போட்டுவிட்டால் கேஸ் முடிந்துவிடுகிறது.

இது சரியல்ல என்பதே நம் கருத்து. நகரத்துக்குள் ஓடும் டிராக்டர்களில் இந்தக் கொண்டியை டிரைவரின் இஷ்டத்துக்கு விடாமல், நட்டு போல்ட்டு போட்டு நிரந்தரமாக இறுக்கிவிட வேண்டும். அதற்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். ஏன் இதை வற்புறுத்துகிறோம் என்பதை விளங்கச் சொல்ல வேண்டுமானால், மிதி ஏன் இரண்டாக இருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

மாட்டைத் திருப்பிய மாதிரி

காரிலும் லாரியிலும் பிரேக் மிதி ஒன்றுதான். அதை மிதித்தால் எல்லாச் சக்கரங்களும் பிடிபடும். டிராக்டர் அப்படி அல்ல. நம் நாட்டில் ஓடும் சாதாரண டிராக்டரில் முன்சக்கரங்களுக்குப் பிரேக் கிடையாது. பின்னால் உள்ள இரண்டு பெரிய சக்கரங்களுக்கு மட்டுமே உண்டு. அந்த இரண்டுக்கும் தனித்தனி மிதி. இரண்டும் டிரைவரின் வலது காலடியில் ஒன்றையொன்று ஒட்டினாற்போல் இருக்கும். இடது மிதி இடது சக்கரத்தைப் பிடிக்கும். வலது மிதி வலது சக்கரத்தைப் பிடிக்கும்.

ஏர் பிடித்த கைகளுக்கு இந்த ஏற்பாட்டின் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சால் முடிந்து வரப்போரம் வந்ததும் உழவன் என்ன செய்கிறான்? இடது பக்கம் திரும்ப வேண்டுமானால் இடத்து மாட்டின் கயிற்றை இழுத்துப் பிடிக்கிறான். அது நின்ற இடத்திலேயே நிற்க, வலத்து மாடு அதைச் சுற்றி வருகிறது. ஏர் சின்ன வட்டத்தில் திரும்பி அடுத்த சாலுக்கு வந்துவிடுகிறது. டிராக்டரின் இரண்டு மிதிகளும் இரண்டு மாட்டின் கயிறுகள்தான். ஸ்டீயரிங்கை இடது பக்கம் ஒடித்து, இடது மிதியை மட்டும் அழுத்தினால் இடது சக்கரம் நிற்கும், வலது சக்கரம் சுற்றும். பின் அச்சின் நடுவில் உள்ள 'டிபரன்ஷியல்' என்ற பல்சக்கரத் தொகுதி, நின்றுபோன சக்கரத்தின் பங்கையும் சேர்த்து ஓடும் சக்கரத்துக்கே கொடுத்துவிடும். ஒரு சக்கரம் முழுதாக நின்றால் மற்றது இரு மடங்கு வேகத்தில் சுற்றும். அதனால்தான் டிராக்டர் கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே திரும்புகிறது.

சின்ன டிராக்டருக்கு இது மிகவும் அவசியம். பதினெட்டு, இருபத்து நாலு குதிரை சக்தி வண்டிகளை வாங்குகிறவர்கள் திராட்சை, மல்லிகை, தக்காளி, கொய்யா என்று வரிசை வைத்துப் பயிர் செய்கிறவர்கள். வரிசைக்கும் வேலிக்கும் நடுவே வண்டி திரும்ப எட்டடி, பத்தடிதான் இருக்கும். அங்கே முன்னும் பின்னும் நாலு தடவை நகர்த்திக் கொண்டிருந்தால் டீசலும் போகும், பொழுதும் போகும், ஓரத்து வரிசைச் செடிகளும் போகும். இன்னொன்றும் உண்டு. பின்னால் கனமான ரோட்டோவேட்டரைத் தூக்கியதும் சின்ன டிராக்டரின் முன்பக்கம் லேசாகிவிடும். ஸ்டீயரிங்கை ஒடித்தாலும் முன்சக்கரம் ஈர மண்ணில் வழுக்கிக்கொண்டு நேராகவே போகும். அந்த நேரத்தில் வண்டியைத் திருப்பிக் கொடுப்பது ஒற்றை மிதிதான். சேற்றில் ஒரு சக்கரம் மாத்திரம் சுழன்று கொண்டிருந்தால், அந்தச் சக்கரத்தின் பிரேக்கை மெதுவாக அழுத்த, சக்தி அடுத்த சக்கரத்துக்குப் போய் வண்டி மேலே ஏறி வருவதும் உண்டு.

ஆகவே இரட்டை மிதியை எடுத்துவிட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்கிறவர் கழனியில் டிராக்டர் ஓட்டிப் பார்க்காதவராகத்தான் இருக்க வேண்டும். அது தெரிந்து செய்த நல்ல ஏற்பாடு. ஆனால் அது கழனிக்குச் செய்த ஏற்பாடு.

கொண்டியைக் கழற்றுவதும் ஒரு வேலை

கொண்டி பெரும்பாலும் ஒரு மிதியின் மேல் கீல் வைத்துப் பொருத்திய தட்டையான துண்டாக இருக்கும். அதைத் திருப்பி அடுத்த மிதியின் மேல் போட்டால் இரண்டும் ஒரே மிதியாகிவிடும். சில வண்டிகளில் கொண்டிக்குப் பதில், ஒரு மிதியிலிருந்து தள்ளி அடுத்த மிதியின் துளையில் நுழைக்கும் ஊசி இருக்கும். எந்த வகையானாலும் வண்டியை நிறுத்தி, மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டுத்தான் கழற்ற வேண்டும், பூட்டவும் வேண்டும். காலை வைத்துக்கொண்டே காலால் எத்தித் தள்ளுகிற வழக்கம் சில டிரைவர்களிடம் இருக்கிறது. பாரம் தாங்கிய கொண்டி அப்போது நகராது. நகர்ந்தாலும் முழுக்க உட்காராமல் ஓரத்தில் தொத்திக்கொண்டு நிற்கும். பூட்டியதாக நினைத்து ரோட்டுக்கு வருகிறவனுக்கு, பூட்டாமல் வருகிறவனைவிட ஆபத்து அதிகம். பூட்டியபின் ஒரே ஒரு மிதியைக் கையால் அழுத்திப் பார்க்க வேண்டும். அடுத்த மிதியும் கூடவே இறங்கினால்தான் பூட்டு சரி.

கொண்டி துளையில் உட்காரவே மறுத்தால் சிலர் சுத்தியலால் தட்டுவார்கள், சிலர் நெளிப்பார்கள். கொண்டியின் மேல் குற்றம் இல்லை. ஒரு மிதி உயர்ந்தும் மற்றது தாழ்ந்தும் இருப்பதால் துளை நேருக்கு நேர் வரவில்லை. அதாவது ஒரு பக்கத்துப் பிரேக் அதிகமாகத் தேய்ந்திருக்கிறது, அல்லது அதன் விளையாட்டு கூடிப்போயிருக்கிறது. கழனியில் ஒரே பக்கமாகத் திருப்பித் திருப்பி உழுகிற வண்டியில் அந்தப் பக்கத்துப் பிரேக் சீக்கிரம் தேய்வது இயற்கை. இரண்டு மிதிகளின் விளையாட்டையும் ஒரே அளவுக்குச் சரிசெய்யும்படி மெக்கானிக்கிடம் சொல்ல வேண்டும். சரிசெய்த பிறகு, ஆள் இல்லாத சமதரையில் மெல்ல ஓட்டி, பூட்டிய மிதியை அழுத்திப் பார்க்க வேண்டும். வண்டி நேராக நின்றால் சரி. ஒரு பக்கம் இழுத்தால், பூட்டியிருந்தும் பூட்டாதது போலத்தான்.

கழனியிலும் ஒற்றை மிதிக்கு முறை உண்டு. சின்ன கியரில் மெதுவாகப் போகும்போதுதான் அதை அழுத்த வேண்டும். கலப்பையை முதலில் மண்ணிலிருந்து தூக்கிவிட்டு, பிறகு திருப்ப வேண்டும். மண்ணுக்குள் இருக்கும்போதே திருப்பினால் பின்னால் உள்ள இணைப்புக் கைகள் வளையும். சரிவில் இறங்கும்போது ஒற்றை மிதியைத் தொடவே கூடாது. டிரெய்லர் மாட்டியிருந்தால் கழனிக்குள்ளேயே ஆனாலும் தொடக்கூடாது.

ரோட்டில் என்ன நடக்கிறது?

கொண்டி பூட்டாத டிராக்டர் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கேட்க இது பெரிய வேகமாகத் தெரியாது. ஆனால் ஒரு விநாடிக்கு எட்டு மீட்டருக்கு மேல், அதாவது 27 அடி. எதிரே ஒரு ஸ்கூட்டர் குறுக்கே வருகிறது. டிரைவர் பதறி மிதிக்கிறார். பதற்றத்தில் கால் போய் விழும் இடம் அவர் வசத்தில் இல்லை. ரப்பர் செருப்பு போட்ட கால், மழையில் நனைந்த கால், நடுவில் விழாமல் வலது மிதியின் மேல் மட்டும் விழுகிறது. வலது சக்கரம் பிடிபடுகிறது, இடது சக்கரம் ஓடுகிறது. வண்டி நிற்பதற்குப் பதில் வலது பக்கம் சுழல்கிறது. நம் நாட்டில் இடது பக்கம் வண்டி ஓட்டுகிறோம்; வலது பக்கம் சுழல்வது என்றால் எதிரே வரும் பஸ்ஸுக்கு முன்னால் போய் விழுவது. கால் இடது மிதியில் விழுந்தாலோ, சாலையோரம் நடப்பவர் மேல்.

டிராக்டர் உயரமான வண்டி. பாரம் மேலே இருக்கிறது. அதிலும் சின்ன டிராக்டரின் சக்கரங்கள் பயிர் வரிசைக்குள் போவதற்காகக் குறுகலாக வைத்தவை. திடீரென்று பக்கவாட்டில் சுழன்றால் நிலைகொள்ளாமல் கவிழ்வதற்கு அதிக நேரம் ஆகாது. கவிழ்ந்தால் டிரைவரைக் காக்கும் இரும்பு வளைவைப் புதிய டிராக்டர் எல்லாவற்றிலும் பொருத்த வேண்டும் என்று சுவீடன் நாடு 1959லேயே சட்டம் போட்டது. நம் ஊரில் பெரும்பாலான டிராக்டர்களில் டிரைவரின் இரு பக்கமும் மட்கார்டு தகரம் இருக்கிறது, வேறொன்றும் இல்லை.

பின்னால் டிரெய்லர் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை. ஐயாயிரம் லிட்டர் டேங்கர் என்றால் தண்ணீர் மட்டும் ஐந்து டன். இரும்புத் தொட்டியின் எடை தனி. அதை இழுக்கும் நாற்பது, ஐம்பது குதிரை சக்தி டிராக்டரின் எடை சுமார் இரண்டு டன்தான். டேங்கருக்குத் தனி பிரேக் இருப்பது அபூர்வம். டிராக்டர் நேராக நின்றால் டேங்கர் பின்னாலிருந்து நேராக முட்டும், சமாளித்துவிடலாம். டிராக்டர் கோணலாகத் திரும்பிய நேரத்தில் முட்டினால், மடக்கிய முழங்கை மாதிரி இரண்டும் மடங்கிவிடும். பாதி காலியான டேங்கர் என்றால் உள்ளே தண்ணீர் ஒரு பக்கமாக அலைபாய்ந்து, கவிழ்ப்பதற்குத் தானும் ஒரு கை கொடுக்கும். அலைத் தடுப்புத் தகடு இல்லாத தொட்டிகளில் இதைச் சொல்லவே வேண்டியதில்லை.

கிராமத்துக்காரர்களுக்கு மறுபடி மாட்டு வண்டியையே உதாரணம் சொல்லலாம். பள்ளத்தில் இறங்கும்போது எந்த வண்டிக்காரனாவது ஒரு மாட்டின் கயிற்றை மட்டும் இழுப்பானா? இரண்டையும் சேர்த்துத்தான் பிடிப்பான். கொண்டி செய்கிற வேலை அதுவே.

நிறுத்தி வைத்த வண்டியிலும் இந்தக் கொண்டிக்கு வேலை இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. பல டிராக்டர்களில் 'பார்க்கிங் பிரேக்' என்று தனியாக ஒன்றும் இல்லை. அழுத்திய மிதியை அப்படியே பிடித்து வைக்கும் ஒரு கொக்கிதான் அது. மிதிகள் பூட்டாமல் இருந்தால் கொக்கி ஒரு மிதியை மட்டுமே பிடிக்கும், ஒரு சக்கரம் மட்டுமே நிற்கும். சரிவான தெருவில் டேங்கரை நிறுத்திவிட்டு டிரைவர் குழாயைப் பிடிக்கப் போவார். நின்ற சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு வண்டி மெல்ல நகரத் தொடங்கும். பெங்களூர் மேடும் பள்ளமுமான ஊர். டேங்கர் நிற்கும் தெருவில்தான் நம் பிள்ளைகள் விளையாடுகிறார்கள்.

யாரைக் கேட்பது?

2024 மார்ச்சில் பெங்களூரில் ஏற்பட்ட தண்ணீர்ப் பஞ்சம் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, ஒரு டேங்கர் தண்ணீருக்கு வாய்க்கு வந்த விலை சொன்னார்கள். அரசாங்கம் தலையிட்டு டேங்கர்களைப் பதிவு செய்யச் சொன்னது, லிட்டர் கணக்குக்கும் தூரத்துக்கும் ஏற்ப விலையையும் நிர்ணயித்தது. நல்ல காரியம். ஆனால் விலையைப் பார்த்த கண்கள் வண்டியைப் பார்க்கவில்லை. ஒரு நாளைக்கு ஐந்து நடை போன வண்டி பத்து நடை போனது. ஓட்டத் தெரிந்தவன் என்று யார் வந்தாலும் ஸ்டீயரிங்கில் உட்கார வைத்தார்கள்.

அப்படி உட்காருகிறவர்களில் நம்மவர்கள் கணிசம். தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கங்களிலிருந்து கட்டட வேலைக்கு வந்து, மேஸ்திரியிடம் சித்தாளாக இருந்து, பிறகு டிரைவரானவர்கள். கார் ஓட்டும் லைசென்ஸ் வைத்திருப்பார்கள். இலகு வாகன லைசென்ஸ் உள்ளவர், 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டிகளை ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017ல் கூறியது. 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வும் அதையே உறுதி செய்தது. பல லட்சம் டிரைவர்களின் பிழைப்பைக் காப்பாற்றிய தீர்ப்பு அது, நாம் அதை வரவேற்கிறோம். ஆயினும் ஒரு மிதி உள்ள காரில் எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கியவருக்கு, டிராக்டரின் இரண்டு மிதியைப் பற்றி யாராவது சொல்லிக் கொடுத்தால்தானே தெரியும்? சொல்லிக் கொடுக்க வேண்டியவர் வண்டியின் சொந்தக்காரர். அவருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியவர் விற்ற டீலர். கம்பெனிக்காரர்கள் வண்டியோடு ஒரு புத்தகம் கொடுக்கிறார்கள். ரோட்டில் போகும்போது மிதிகளைப் பூட்ட வேண்டும் என்று அதில் தெளிவாகவே எழுதியிருக்கும். அந்தப் புத்தகம் பதிவுச் சான்றிதழோடு சொந்தக்காரர் வீட்டு பீரோவில் பத்திரமாக இருக்கிறது. வண்டியில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கைச் சீட்டு பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. அதுவும் ஒரு மழைக்காலத்தில் உரிந்து போய்விடும்.

இத்தனைக்கும் இந்த மிதிகளைப் பொருத்துகிற தொழிலாளர்களில் நம்மவர்களும் இருக்கிறார்கள். பக்கத்தில் தொட்டபள்ளாபூரில் ஒரு டிராக்டர் தொழிற்சாலை, ஓசூரில் ஒரு சின்ன டிராக்டர் தொழிற்சாலை. எச்.எம்.டி. என்றால் பெங்களூர்த் தமிழருக்குக் கைக்கடிகாரம்தான் நினைவு வரும். அதே நிறுவனம் ஹரியாணாவின் பிஞ்சோரில் 1971 முதல் டிராக்டரும் செய்துவந்தது. 2016ல் அதை மூட மத்திய அரசு முடிவு செய்துவிட்டது. ஆனால் அந்தப் பழைய வண்டிகள் இன்றும் செங்கல் இழுத்துக்கொண்டிருக்கின்றன. அவற்றிலும் மிதி இரண்டுதான். கொண்டி மட்டும் பல வண்டிகளில் எப்போதோ உடைந்து விழுந்து காயலான் கடைக்குப் போயிருக்கும்.

டிரைவர்களைக் கேட்டால் வேறொரு நியாயம் சொல்லுகிறார்கள். 'சந்துக்குள் டேங்கரைத் திருப்ப ஒற்றைப் பிரேக் இல்லாமல் முடியாது' என்பது அது. பெங்களூர் சந்துகளைப் பார்த்தவர்கள் இதைச் சுலபமாகத் தள்ளிவிட மாட்டார்கள். ஆனால் ஐந்து டன் பாரத்தோடு ஒற்றை மிதியில் திருப்புவது கொக்கியையும் டயரையும் பிரேக்கையும் ஒரே நேரத்தில் தேய்க்கிற வேலை. இரண்டு தடவை முன்னும் பின்னும் எடுத்துத் திருப்பலாம். அதற்கும் இடம் இல்லாத சந்து என்றால் முனையில் நிறுத்திக் குழாயை இழுத்துப் போவதே முறை. குழாய் நீளம் போதாது என்றால் இன்னும் முப்பது அடி குழாயைச் சொந்தக்காரர் வாங்கிக் கொடுக்கட்டும்.

சொந்தக்காரர்கள் சொல்லும் சமாதானம் இன்னொன்று: 'நம் டிரைவர் இருபது வருட அனுபவசாலி, அவருக்குக் கொண்டி எதற்கு?' அனுபவசாலி தீபாவளிக்கு ஊருக்குப் போய்விடுவார். நாலு நாள் வண்டியை ஓட்டப்போவது அவருடைய மைத்துனன்.

கூலிகளை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போகும் பழக்கத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். கட்டட வேலை முடிந்ததும் இருபது பேரைக் காலி டிரெய்லரில் ஏற்றி ஷெட்டில் கொண்டு விடுகிறார்கள். பஸ் காசு மிச்சம் என்று நாமும் ஏறிக்கொள்கிறோம். 2022 அக்டோபரில் உத்தரப் பிரதேசத்தின் கான்பூர் மாவட்டத்தில் கோவிலுக்குப் போய்த் திரும்பியவர்களின் டிராக்டர் டிரெய்லர் குளத்தில் கவிழ்ந்து இருபதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அது கொண்டியைப் பற்றிய கதை அல்ல. டிராக்டர் கவிழ்ந்தால் பின்னால் இருப்பவர் கதி என்ன என்பதற்காகச் சொன்னோம். உயிர் போனாலும் நஷ்ட ஈடாவது கிடைக்குமா என்றால் அதுவும் நிச்சயமில்லை. டிராக்டர் டிரெய்லரில் ஏறிப் போனவர் இறந்த ஒரு வழக்கில், விவசாயத்துக்கென்று இன்ஷூர் செய்த வண்டி ஆகையால் கம்பெனி பணம் தரக் கடமைப்பட்டதல்ல என்று 2004ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சொந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டியதுதான். சொந்தக்காரரிடம் இருப்பது அந்தக் கவிழ்ந்த டிராக்டர் ஒன்றாகவே இருக்கும். இன்ஷூரன்ஸ் ஆபீசுகளிலும் கோர்ட்டுகளிலும் வேலை பார்க்கும் வாசகர்கள் இத்தகைய கட்டுகளைத் தினமும் புரட்டுகிறவர்கள். நாம் மிகைப்படுத்தவில்லை என்பது அவர்களுக்குத் தெரியும்.

செய்யக் கூடியது

விவசாய வண்டி என்று பதிவு செய்துவிட்டு ஆண்டு முழுவதும் நகரத்தில் தண்ணீரும் ஜல்லியும் இழுக்கும் டிராக்டர்கள் ஏராளம். இவை உழவு நிலத்தை மிதிப்பதே இல்லை. இவற்றுக்கு இரட்டை மிதியால் ஒரு காசு லாபமில்லை. டேங்கரைப் பதிவு செய்ய வரும்போதே, 'மிதிகள் இரண்டும் போல்ட்டு போட்டு இறுக்கப்பட்டிருக்கின்றனவா?' என்ற ஒரு கேள்வியை விண்ணப்பத்தில் சேர்த்துவிடலாம். இதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை. ஓர் அதிகாரி மனம் வைத்தால் போதும். கொண்டி உட்காரும் துளையில் ஒரு போல்ட்டைக் கொடுத்து, கழலாத நட்டால் இறுக்கிவிட்டால் ஸ்பேனர் இல்லாமல் யாரும் பிரிக்க முடியாது. கொண்டியே இல்லாத பழைய வண்டிக்கு லேத் பட்டறையில் ஒரு பட்டைத் தகடு வெட்டி இரண்டு துளை போட்டுத் தருவார்கள். மிதியை வெல்டிங் வைத்து ஒட்டச் சொல்லக் கூடாது. சூட்டில் மிதியின் கை பலமிழந்து ஒரு நாள் முறிந்துவிடும், பிரேக்கைத் தனித்தனியாகச் சரிசெய்யவும் முடியாமல் போகும். போல்ட்டு போடும் முன் இரண்டு பக்கத்து விளையாட்டையும் சமமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

கழனிக்கும் ரோட்டுக்கும் மாறி மாறிப் போகும் சின்ன டிராக்டர்களுக்கு இந்த வழி ஒத்துவராது. அவர்களுக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தால் போதும். தோட்டத்துக் கேட்டைத் திறப்பதற்கு எப்படியும் வண்டியை நிறுத்தித்தான் ஆக வேண்டும். கொண்டியைப் போடுவதும் எடுப்பதும் அந்த இடத்திலேயே நடக்கட்டும். உள்ளே போகும்போது கேட்டைத் திறந்த கையால் கொண்டியை எடுப்பது. வெளியே வரும்போது கேட்டைச் சாத்திய கையால் கொண்டியைப் போடுவது. நாலு சக்கரமும் இழுக்கும் வகைச் சின்ன டிராக்டராக இருந்தால், சரிவில் இறங்கும்போது முன்சக்கர இழுவையையும் போட்டுக்கொள்வது நல்லது. அப்போது பின்பிரேக்கின் பிடி முன்சக்கரத்துக்கும் போய்ச் சேரும். எந்த வண்டியானாலும் இறக்கத்தில் கிளச்சை மிதித்து விட்டுவிடாமல், ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும்.

வீட்டுக்கு டேங்கர் வரவழைக்கிறவர்களும் ஒன்று செய்யலாம். அடுக்குமாடி வீடுகளில் சங்கத்துச் செயலாளராகவோ பொருளாளராகவோ பெரும்பாலும் ஒரு குமாஸ்தாவைத்தான் பிடித்துப் போடுகிறார்கள். டேங்கர்காரரோடு மாதக் கணக்கு பேசுவது அவர்தான். அடுத்த மாதக் கணக்கு முடிக்கும்போது, மிதி பூட்டாத வண்டி நம் கேட்டுக்குள் வரக்கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லிவிடட்டும். டிரைவரிடம் சொல்லிப் பயனில்லை. சொந்தக்காரரிடம் சொல்ல வேண்டும். பில்லுக்குப் பணம் வாங்க வருகிறவர் அவர்தானே.